அவங்களும் பொம்பளைங்க தானே

பன்னெண்டு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கெடக்கு, அது வரைக்கும் இந்த மூத்திரத்த அடக்கிருவேனா மாட்டேனான்னு தெரியல, இந்த லட்சணத்துல நான் தலைவராகப் போறேனாம். விடியக்காலம் ஒரு கோப்பத் தேத்தண்ணியோட நிறுத்தியிருக்கணும். மலைக்குப் போற நாள்ல எவளாவது ரெண்டு கோப்ப குடிப்பாளான்னு அம்மா கூடக் கேட்டுச்சு. பயத்துல தொண்ட காஞ்சிருச்சு, குடிச்சிட்டேன், இப்ப அனுபவி. ஏழாம் நம்பர் மலையில ஒதுங்க ஒரு மரம் கெடையாது. மேல வேலாயுதம் கங்காணி நின்னு பாத்துக்கிட்டிருக்காரு, கீழ ரோட்டுல லொறி போகுது, தேயிலச் செடியோ இடுப்பு உசரம். கை பாட்டுக்குப் பறிக்குது, ரெண்டு இலையும் ஒரு மொட்டும், ரெண்டு இலையும் ஒரு மொட்டும். கைக்கு என்ன கவல, அதுக்கு வயிறு இல்ல, அப்பா இல்ல, தேர்தல் இல்ல. பன்னெண்டு மணிக்குக் கொழுந்து நிறுக்க எல்லாரும் கீழ எறங்குவாங்க. தராசு தொங்குற அந்த மடுவத்துக் கொட்டகை முன்னால தான் இன்னைக்குத் தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவரத் தெரிஞ்செடுக்கணும். ஒரு பக்கம் பதினாலு வருசமாத் தலைவரா இருக்கிற ராசமாணிக்கம். இன்னொரு பக்கம் யோகராணி, வயசு இருபத்தஞ்சு, உயர்தரம் வரைக்கும் படிச்சிட்டுக் கொழுந்து பறிக்கிறவ, இப்ப மூத்திரத்த அடக்கிக்கிட்டு நிக்கிறவ. சிரிப்பு வருது. சிரிச்சா அதுவும் ஆபத்து.

நெற, அதான் என் செடி வரிச, கோணாம நேராப் புடின்னு கங்காணி கத்துவாரு. கத்தட்டும். இந்தத் தேர்தல கொழுந்து மடுவத்துக்குக் கொண்டு வர எனக்குப் பதினோரு மாசம் ஆச்சு. எப்பவும் கோயில் முன்னால தான் நடக்கும், அந்தி ஆறு மணிக்கு. ஆறு மணிக்குப் பொம்பளைங்க எங்க இருப்பாங்க, அடுப்படியில, இல்ல பீலியில தண்ணி புடிச்சிக்கிட்டு. இருபத்தேழு ஆம்பளைங்க கூடி, கைய மேல தூக்கி, கைதட்டி, மாலையப் போட்டு ஏழு மணிக்கு முடிச்சிருவாங்க. சங்கத்துல பேர் இருக்கிற அறுபத்து நாலு பொம்பளைங்களுக்கு அடுத்த நாள் காலையில வேலைக்குப் பேர் கூப்பிடுற பெரட்டுக் களத்துல தான் தெரியும், மறுபடியும் அவரு தான்னு. யாருக்கும் அது வித்தியாசமாப் படல, எனக்கும் தான் படல. சும்மா சொல்லக் கூடாது, நானும் அந்த ஆறு மணிக்கு ரொட்டிக்கு மா பெசஞ்சிக்கிட்டுத் தான இருந்தேன். சங்கத்துச் சட்டப் புத்தகத்துல எல்லா அங்கத்தவரும்னு எழுதியிருக்குன்னு சங்கத்தோட மாவட்ட ஆபீசுக்கு மூணு கடிதம் போட்டேன். மொத ரெண்டுக்குப் பதில் இல்ல. மூணாவதுல, பெண்கள் நிக்கிற எடத்துக்குத் தேர்தல் வரட்டும், நிக்கிற நேரத்துக்கு வரட்டும்னு எழுதினேன். பதில் வந்த அன்னைக்கு ராசமாணிக்கம் மாமா எங்க லயத்து வீட்டு வாசலுக்கே வந்துட்டாரு. ஏம்மா யோகா, கேட்டிருந்தா மாதர் தலைவி பதவி தந்திருப்பேனே, அப்படின்னாரு. மாதர் தலைவின்னா என்ன, மேலேருந்து யாராவது வந்தா சேல கட்டி நின்னு மாலையும் தேத்தண்ணியும் குடுக்கிற பதவி. நான் சொன்னேன், மாமா, தேத்தண்ணி நான் நல்லாப் போட மாட்டேன்னு. அப்பா உள்ள இருந்து செருமினாரு. அப்பா தான் சங்கத்துக் கமிட்டிச் செயலாளர், மாமாவோட வலது கை. அன்னைக்கோட அப்பா எங்கூடப் பேசுறது நின்னு போச்சு. ஒம்பது நாளாச்சு. சோத்துக்கு வந்து உக்காந்தா தட்ட மட்டும் என் பக்கம் தள்ளுறாரு.

அட்ட ஏறுது. கணுக்கால்ல சுருக்குன்னுது. இருக்கட்டும், குனிஞ்சா வயிறு அமுங்கும். குடிச்சிட்டுப் போ ராசாத்தி, ஒனக்கும் பசி தான். அந்தக் காலத்துல இங்கிலீசுச் சீமையில ஜெயில்ல கெடந்த பொம்பளைங்கள நெனச்சிக்கிறேன், அப்ப தான் இதெல்லாம் ஒண்ணுமில்லன்னு தோணும். ஓட்டு குடுன்னு கேட்டதுக்கு உள்ள போட்டாங்க, சாப்பிட மாட்டோம்னு கெடந்தவங்கள நாலு பேர் புடிச்சிக்கிட்டு மூக்கு வழியாக் குழாயச் சொருகிக் கஞ்சி ஊத்தினாங்க. மூக்கு வழியா! அதப் படிச்ச அன்னைக்கு என் மூக்கு எரிஞ்சிச்சு, நெசமா. வெளிய வந்து ஒடம்பு தேறினதும் மறுபடி போய் நின்னிருக்காங்க பாரு, அது தான் எனக்கு விளங்கல. என்னா திமிருடியம்மா ஒங்களுக்கு. எங்கள இங்க கொண்டாந்து விட்ட தொரமாரோட ஊரு தானே அது, அவங்க வீட்டுப் பொண்டாட்டிமாருக்கே ஓட்டு இல்லாம இருந்திருக்கு, இது தெரியாம நாங்க தொரசாணின்னா பெரிய ஆளுன்னு நெனச்சிக்கிட்டிருந்தோம். தோட்டத்துப் பங்களாவுல கோப்பையத் தூக்கிக் குடிச்ச அந்த அம்மாவுக்கும் ஊருக்குப் போனா வாயத் தெறக்க முடியாதாம். ஆனா சீமக்காரிகள விட எனக்குக் கொழும்பு அக்கா தான் நெருக்கம். அக்கான்னு தான் மனசுக்குள்ள கூப்பிடுறேன். நூறு வருசத்துக்கு முந்தின ஆளு, கொள்ளுப்பாட்டி வயசு, ஆனாலும் எனக்கு அக்கா தான். ஒரு பயிற்சிப் பட்டறையில குடுத்த நகல் தாள்ல ரெண்டே வரி இருந்திச்சு அவங்களப் பத்தி. வெள்ளக்காரன் விசாரிக்க வந்தானாம், இந்த நாட்டுல யார் யாருக்கு ஓட்டு குடுக்கலாம்னு. கொழும்புப் பொம்பளைங்க கொஞ்சப் பேர் எங்களுக்கும் குடுன்னு போய் நின்னாங்களாம். சரி, தோட்டத்துல கொழுந்து பறிக்கிற தமிழ்ப் பொம்பளைங்களுக்குமா கேக்குறீங்கன்னு அவன் கேட்டானாம். ஆமா, நிச்சயமா, அவங்களும் பொம்பளைங்க தானேன்னு அந்த அக்கா சொன்னாங்களாம்.

அவ்வளவு தான். ரெண்டு வரி. நான் அத எத்தன தடவ படிச்சிருப்பேன். என் கூட்டாளி ஸ்டெல்லா சொல்லுவா, ஏய், அவங்க காருல போயிருப்பாங்க, அவங்க வீட்டுல தேத்தண்ணி ஊத்திக் குடுத்ததே நம்ம சனமா இருக்கும், நீ என்னமோ அவங்கள சாமி ரூமுல வைக்கிற மாதிரி பேசுறன்னு. இருக்கும்டி. நம்ம மலையப் பாத்திருக்க மாட்டாங்க, ஒரு அட்ட கூட அவங்களக் கடிச்சிருக்காது. ஆனா யோசிச்சுப் பாரு. இல்ல சார், எங்களுக்கு மட்டும் போதும்னு சொல்லியிருந்தா அவங்க வேல சுளுவா முடிஞ்சிருக்கும்ல. படிச்சவங்களுக்கு மட்டும், சொத்து இருக்கிறவங்களுக்கு மட்டும்னு சொல்ல எத்தன பேர் அன்னைக்குத் தயாரா இருந்திருப்பாங்க. தன் வேல கெட்டுப் போகுமேன்னு ஒரு நிமிசம் கூடவா அந்த அக்காவுக்குத் தோணல? தோணியிருக்கும். தோணியும் சொன்னாங்க பாரு. அந்த எடத்துல நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேனான்னு எனக்கே சந்தேகமா இருக்கு. வாட்சப்புல நாங்க தொடங்கின குழுவுக்கு அந்தப் பதிலத் தான் பேரா வச்சோம். பதினெட்டுப் பேர் இருக்கோம், நாலஞ்சு தோட்டத்துப் புள்ளைங்க. ஒருத்தி தன் தோட்டத்துல பொம்பளைங்களுக்குக் கக்கூசு கேட்டு மனு குடுத்தா, ஒருத்தி கங்காணி கெட்ட வார்த்த பேசினதப் பதிவு பண்ணி மேனேஜர் பெரிய தொரைக்கே போட்டுக் காமிச்சா. பயமா இருக்குன்னு யாராவது எழுதினா, மூக்குல குழா விடல இல்ல, போன்னு இன்னொருத்தி எழுதுவா. அப்படி ஒரு வசனம் எங்களுக்குள்ள ஆகிப்போச்சு. ஆயிரத்தித் தொளாயிரத்து முப்பத்தொண்ணுல நாட்டுல எல்லாருக்கும் ஓட்டு வந்திச்சு, எங்க சனத்துக்கும் தான் வந்திச்சு. சுதந்திரம் வந்த கையோட புடுங்கிட்டானுங்க. நாட்டுக்காரனே இல்லன்னுட்டா அப்புறம் ஓட்டு எங்க. அம்மா பொறந்தப்பவே எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத புள்ளையாத் தான் பொறந்திச்சு. அம்மா கையில மொத வாக்குச் சீட்டு கெடச்சப்ப எனக்கு அஞ்சு வயசு, அம்மாவுக்கு முப்பத்து நாலு. அதுலயும் எந்தப் படத்துக்கு நேரா புள்ளடிக் குறி போடணும்னு அப்பா மொத நாள் ராவே அடுப்புக் கரியால தரையில வரஞ்சி காமிச்சாரு. அம்மா தலையாட்டிச்சு.

அந்தா ரெண்டு நெற தள்ளி அம்மா பறிக்குது. குனிஞ்ச தல நிமிரல. நேத்து அம்மாகிட்டக் கேட்டேன், எனக்குக் கை தூக்குவியான்னு. உங்கப்பா எதுத்தாப்புல நிப்பாரு, நான் எப்படிடி தூக்குவேன்னுச்சு. அதோட பருப்பக் கழுவப் போயிருச்சு. என்னத்தச் சொல்ல. கோவம் வந்திச்சு, அப்புறம் வெக்கமா இருந்திச்சு. அறுபத்து நாலு பேர்ல அம்மா ஒருத்தி வராட்டி என்ன, கணக்குப் பாத்தா ஒண்ணு தானன்னு மனசு சொல்லுது. இல்ல, ஒண்ணு இல்ல. எல்லாப் பொம்பளையும் அம்மாவத் தான் பாப்பாங்க. செயலாளர் பொண்டாட்டியே தூக்கலையே, பெத்த தாயே தூக்கலையேன்னு கைய முந்தானைக்குள்ள வச்சிக்குவாங்க. நான் அத நெனச்சே சாகுறேன். தோத்தா என்ன, அடுத்த வருசம் நிக்கலாம்னு வாட்சப்புல எழுதுறாளுங்க. அடுத்த வருசமா? தோத்தா மறுபடி கோயில் முன்னால ஆறு மணிக்குப் போயிரும், பொம்பளைங்களக் கூப்பிட்டுத் தான பாத்தோம், அவளுங்களே எனக்குத் தான் போட்டாளுங்கன்னு மாமா எல்லா ஆபீசுலயும் சொல்லுவாரு. அடுத்த வருசம்னு ஒண்ணு அப்புறம் கெடையாது. ஸ்டெல்லாவுக்கும் கெடையாது. அவ பக்கத்து நெறையில தான் இருக்கா, பாட்டு முணுமுணுத்துக்கிட்டு. போன ஆடியில ஏழு மாசம் அவளுக்கு. சமதரையில வேல குடுங்கன்னு கேட்டோம், இதே ஏழாம் நம்பர் மலையில, அந்தச் செங்குத்துல ஏத்தினாங்க. மழ. சறுக்கினா. சாக்குல வச்சுத் தூக்கிக்கிட்டுப் போனது நானும் இன்னும் மூணு பேரும். ஆம்பளப் புள்ள. கண்ணே தொறக்கல. சங்கம் கேக்கணும்னு மாமாகிட்டப் போனப்ப, விதி தாயி, யார நோக முடியும்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத் தான் நான் நிக்கிறேன், வேற எந்தக் கொம்புக்காகவும் இல்ல. புள்ளத்தாச்சிக்குச் சமதரையில வேல. மலைக்கு ஒரு கக்கூசு. இந்த ரெண்ட எழுதி நிர்வாகத்து மேசையில வைக்கிற கை ஒரு பொம்பளக் கையா இருக்கணும். ஐயோ, கக்கூசுன்னு நெனச்சதும் முட்டுது.

கங்காணி விசில் ஊதிட்டாரு. இறங்கணும். கொழுந்துப் பைய முதுகுல ஏத்தி, மெதுவா, மெதுவா. ஸ்டெல்லா பின்னாலேருந்து, என்னடி தலைவர், நட ஒரு மாதிரி இருக்குன்னா. மூடுடின்னேன். இடுப்புல கட்டியிருக்கிற படங்குச் சாக்க விரிச்சு நாலு பேரு சுத்தி நிக்கட்டா, போறியான்னா. வேணாம், ராசமாணிக்கம் மாமா கண்ணு முன்னால மறைவுக்கு ஒக்காந்த தலைவர்னு பேர் வேணாம்னேன். சிரிச்சா பாரு அவ, அந்த ஆடிக்கு அப்புறம் இப்படிச் சிரிச்சத நான் பாக்கல. கீழ மடுவத்து முன்னால ஆம்பளைங்க வந்தாச்சு, மருந்தடிக்கிறவங்களுக்குப் பதினொன்றரைக்கே வேல முடிஞ்சிரும். குளிச்சு, சட்ட மாத்தி, தல சீவி நிக்கிறாங்க. நாங்க சேறும் அட்டையுமா எறங்குறோம். மாவட்ட ஆபீசுலேருந்து வந்த பிரதிநிதி தம்பி நீளக் கைச் சட்டையும் காலுல சப்பாத்துமா, கையில ஒரு தாளு. தராசுக்கு வரிச நின்னிருச்சு, அம்மா மூணாவது ஆளு. அப்பா என்னப் பாக்கல. நான் அவரப் பாத்தேன். நரச்ச மீசைய இன்னைக்கு வெட்டியிருக்காரு.

மொதல்ல தலைவர் ராசமாணிக்கம், ஆதரிக்கிறவங்க கை தூக்குங்கன்னு அந்தத் தம்பி சொன்னதும் கை எழும்பிச்சு பாரு. ஆம்பளைங்க எல்லாம். அப்புறம் பொம்பளைங்க, ஒண்ணு ஒண்ணா, புருசன் மொகத்தப் பாத்துக்கிட்டு. அம்மா கையும். அம்மா கை பாதி தூரம் வந்து நின்னிச்சு, அப்பா ஒரு செருமல் செருமினாரு, முழுசாப் போயிருச்சு. எழுபத்தெட்டுன்னு எழுதினாரு அந்தத் தம்பி. முடிஞ்சிச்சு யோகா, வீட்டப் பாத்துப் போ. இப்ப யோகராணின்னாரு. ஸ்டெல்லா ரெண்டு கையையும் தூக்கினா, ஒண்ண எறக்குங்கம்மான்னாரு. அப்புறம் அந்தக் கூத்து. மாமாவுக்குத் தூக்கின பொம்பளைங்களே மறுபடியும் தூக்குறாங்க. நம்ம புள்ள, பாவம், மொகம் வாடிரும்னு தூக்குறாங்க. அம்மாவும் தூக்குது! நாப்பத்தொம்பது. அந்தத் தம்பி கூட்டினாரு, மறுபடி கூட்டினாரு, போன எடுத்துக் கூட்டினாரு. தொண்ணூத்தொரு பேர் நிக்கிற எடத்துல நூத்தி இருபத்தேழு கை. ஒருத்தர் ஒரு தரம் தான் தூக்கணும்னாரு. எங்க சிவகாமி அக்கா, அது எப்படி தம்பி, கூப்பிட்டா எல்லாருக்கும் தான தூக்கணும், இல்லாட்டி மரியாத இல்லையேன்னாங்க, நெசமாவே புரியாம. ஆம்பளைங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி. சிரிப்பா அழுகையான்னு எனக்கே தெரியல. எங்கள யாரும் இதுவரைக்கும் எதுக்கும் ஒண்ணத் தெரிஞ்செடுன்னு சொல்லல, கேட்டவங்களுக்கெல்லாம் குடுத்தே பழகிட்டோம், இத நான் யோசிச்சிருக்கணும், பதினோரு மாசம் எடத்துக்கும் நேரத்துக்கும் சண்ட போட்டேனே ஒழிய இத யோசிக்கல, முட்டாள், முட்டாள்.

கை வேணாம் தம்பின்னாரு மாமா, சிரிச்ச மொகமா. எனக்கு நிக்கிறவங்க எம் பக்கம் வரட்டும், புள்ளைக்கு நிக்கிறவங்க அது பக்கம் போகட்டும், கால் ரெண்டு எடத்துல நிக்க முடியாதுல்லன்னாரு. கெட்டிக்காரன். கைய எல்லாரும் தூக்கையில கூட்டத்துக்குள்ள தூக்கிரலாம். புருசன் பாக்க, மாமியா பாக்க, கங்காணி பாக்க, வெட்டவெளியில நடந்து வா பாப்போம்னு அர்த்தம். ஆம்பளைங்க அவர் பக்கம் போய் நின்னாச்சு. அப்பா அவர் தோளுக்குப் பக்கத்துல. நாலு பொம்பளைங்க போனாங்க. ஏழாச்சு. என் பக்கம் ஸ்டெல்லா மட்டும். நடுவுல இருபது அடி தான் இருக்கும், செம்மண்ணு, தராசுக்குக் கீழ சிந்தின கொழுந்து. வரிசையில நின்னவங்க அசையல, யார் மொகத்தையும் யாரும் பாக்கல. அக்கா, அந்த ரூமுக்குள்ள வெள்ளக்காரன் முன்னால போறப்ப நீங்க எத்தன அடி நடந்தீங்க? கேக்குறேன், சும்மா தான் கேக்குறேன். எங்கள மொகம் தெரியாம எங்களுக்காக ஒரு வார்த்த சொன்னீங்களே, நாங்க தெரிஞ்ச மொகங்களுக்கு முன்னால இருபது அடி நடக்க மாட்டாம நிக்கிறோம். ஒங்களுக்கு என்ன பதில் சொல்ல. ஸ்டெல்லா என் விரலப் புடிச்சிருக்கா, வலிக்குது. ஒரு தடவ, ஒரே தடவ யாராவது. வயிறு, அட்ட எல்லாம் எங்கயோ போயிருச்சு, கண்ணு மட்டும் தான் நான்.

அம்மா முதுகுலேருந்து கொழுந்துப் பைய எறக்கிச்சு. தராசுப் பக்கத்துல வச்சிச்சு. வரிச போயிரும்மா, நிறுத்துட்டுப் போன்னு யாரோ சொன்னாங்க. அம்மா படங்குல கையத் தொடச்சிச்சு, ஒரு கை, அப்புறம் மத்த கை. செவனம்மான்னு அப்பா கூப்பிட்டாரு, சத்தமா இல்ல, வீட்டுல தண்ணி கேக்குற கொரல்ல தான். அம்மா நின்னிச்சு. அவரத் திரும்பிப் பாக்கல, என்னையும் பாக்கல, தரையப் பாத்துக்கிட்டே நடந்திச்சு, சிந்தின கொழுந்த மிதிக்காம ஒதுங்கி ஒதுங்கி, அவசரமே இல்லாம. அம்மா எம் பக்கத்துல வந்து நின்னு, மூச்சு வாங்கிட்டு, முழங்கையால என்ன ஒரு இடி இடிச்சிச்சு.

"தள்ளி நில்லுடி, பின்னால ஆளு வருது."